ஊரில் கண் முகாம் நடத்தப் பணம் அனுப்புகிறவர்களுக்கு

விடுமுறைக்கு ஊர் போகிற நம்மவர்களில் பலருக்கு, அப்பா நினைவாகவோ அம்மா நினைவாகவோ ஒரு இலவசக் கண் முகாம் நடத்திவிட வேண்டும் என்று ஆசை. இந்த முறை சிவகங்கை மாவட்டத்தில், காலையும் மாலையும் மட்டும் பஸ் வந்துபோகும் ஒரு ஊரின் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு முகாமை முழுதாகப் பார்க்க வாய்த்தது. பேனர், பொன்னாடை எல்லாம் அமர்க்களம். ஆனால் முகாமின் பலன் பெரும்பாலும் அதற்கு முந்தின இரண்டு வாரத்திலும் பிந்தின ஒரு மாதத்திலும்தான் தீர்மானமாகிறது. நாம் அனுப்பும் பணம் அந்தப் பக்கம் போவதே இல்லை.

முதலில் தேதி. நடவு, அறுப்பு, நூறு நாள் வேலைக்குச் சம்பளம் போடும் நாள், பக்கத்து ஊர்த் திருவிழா ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஞாயிறு என்றால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், பெரியவர்களைக் கூட்டிவர ஆள் கிடைக்கும். முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிக் கத்தினால் போதாது. ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் பெண்களுக்குச் செய்தி போய்ச் சேரும். முகாம்களில் ஆண்கள் வருவதும், வீட்டிலிருக்கும் அப்பத்தாக்கள் வராததும் வழக்கம். காரணம் கேட்டால் “ஆட்டை யாரு பாக்குறது?” என்பார்கள். அறுவைக்குப் போனால் ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வதும் முகாம் வேலைதான். உள்ளூர் மகளிர் குழு இதை நம்மைவிட நன்றாகச் செய்யும்.

இடம் பார்க்கும்போது பார்வை அட்டைக்கு 6 மீட்டர் நீளம் இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். இல்லாவிட்டால் 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டி, அதில் பிம்பத்தைப் பார்த்துப் படிக்க வைக்கலாம். எழுத்துத் தெரியாதவர்களுக்கு ஆங்கில ‘E’ எழுத்து நாலு திசையும் திரும்பிய அட்டை. கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். பவர் பார்க்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும். வகுப்பறை ஜன்னலுக்குக் கதவே இருக்காது என்பதால் கறுப்புத் துணியும் ஆணியும் கையோடு வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கினால் பவர் பார்க்கும் மெஷின் தடுமாறும், எனவே யு.பி.எஸ். அவசியம். இவற்றைவிட முக்கியம், பெண்களுக்குத் திறந்துவைத்த கழிப்பறை. அது பூட்டியிருந்தால் வயதான பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

முகாமில் வரிசை இப்படிப் போகும்: பதிவு, பார்வை அளவு, டாக்டரின் முதல் பரிசோதனை, கண் அழுத்தம், பவர். புரை என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் கண்ணீர்ப்பாதைச் சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை. கண்ணீர்ப்பாதைச் சோதனையைப் பலர் புரியாமல் பயப்படுகிறார்கள். இமையோரத்துச் சிறு துவாரத்தில் மழுங்கிய ஊசியால் உப்புநீர் விட்டு, “தொண்டையில கரிக்குதா அப்பத்தா?” என்று கேட்பார்கள். கரித்தால் பாதை திறந்திருக்கிறது. கரிக்காமல் சீழ் திரும்பி வந்தால் அந்தப் பாதையில் உள்ள கண்ணீர்ப் பையில் கிருமி குடியிருக்கிறது. அதோடு அறுவை செய்தால் கிருமி கண்ணுக்குள்ளேயே போய்விடும் என்பதால், முதலில் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

அறுவைக்கு மருத்துவமனை போகும் பஸ் ஏறுகிற வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் எண்ணிக்கைதான் மனத்தை உறுத்தியது. அநேகமாக எல்லாம் மாத்திரை, சாப்பாடு விஷயத்தில் வரும் குழப்பம். “பி.பி. மாத்திரை போட்டீங்களா?” என்றால், “கண்ணு பாக்கத்தானே வந்தேன், அதுக்கு எதுக்குத்தா மாத்திரை?” என்கிறார் ஒரு அப்பத்தா. ரத்தப் பரிசோதனை என்று யாரோ சொன்னதால் சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு வந்து மதியத்துக்குள் மயங்குகிறார்கள். மேல் அழுத்தம் 160-ஐயோ சர்க்கரை 200-ஐயோ வெகுவாகத் தாண்டினால் பெரும்பாலான மருத்துவமனைகள் அறுவையைத் தள்ளிப்போடும். ஆறாத கால் புண், காதில் சீழ், சொத்தைப் பல் வீக்கம் இருந்தாலும் அப்படியே. ஆகவே நோட்டீஸில் இரண்டே வரி பெரிதாகப் போடுங்கள்: வழக்கமான மாத்திரையைச் சாப்பிட்டு, இட்லி ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்; சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டையையும் பையில் எடுத்து வாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும், சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று ஆண்களுக்குத் தரும் டாம்சுலோசினும் டாக்டருக்கு முன்பே தெரிய வேண்டும். டாம்சுலோசின் சாப்பிட்டவர்களுக்குக் கருவிழிக்குப் பின்னால் உள்ள பாப்பாத் திரை தொளதொளத்து, அறுவை நடுவே பாப்பா சுருங்கிக்கொள்ளும்.

“இங்கேயே ஆபரேஷன் பண்ண முடியாதா, பழைய காலத்துல ஸ்கூல்லயே பண்ணாங்களே” என்று பணம் தருகிற நண்பர்கள் கேட்பதுண்டு. பண்ணினார்கள். அப்போது கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் கிடையாது. புரையை எடுத்துவிட்டு +10 பவரில் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாமில் பரிசோதனை, அறுவை மருத்துவமனையில் என்ற முறையைப் பெரிய அளவில் நிலைநிறுத்தியது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, வெளிநாட்டு லென்ஸுக்குக் காத்திருந்த நிலை மாறியது. மருத்துவமனையில் செய்தாலும் சுத்தம் தவறினால் கதை கந்தல்தான். 2008-ல் விழுப்புரம் மாவட்டக் கிராம முகாமிலிருந்து பெரம்பலூருக்கு அழைத்துப் போகப்பட்டவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் பார்வை இழந்தார்கள். எந்த மருத்துவமனையோடு சேர்ந்து நடத்துகிறீர்கள், அங்கே கிருமித் தொற்றுக் கணக்கு வைக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

விதிவிலக்கு உண்டு. சென்னை சங்கர நேத்ராலயா, ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து உருவாக்கிய நடமாடும் அறுவைப் பிரிவில், இணைத்து நிறுத்தும் இரண்டு பஸ்கள்: ஒன்றில் நோயாளியைத் தயார் செய்வார்கள், மற்றது முழுத் தியேட்டர். அந்தப் பஸ் போய் நிற்க நல்ல சாலை, சமதரை, தண்ணீர், கரண்டு வேண்டும். மலைமேல் உள்ள ஊர்களில் முதலில் இடிப்பது அதுதான்.

கண்ணாடிக்கு வருவோம். நாற்பதைத் தாண்டியவர்களின் படிக்கும் கண்ணாடி அங்கேயே கையில் கிடைக்க வேண்டும். நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00, ஐம்பதில் +2.00, அறுபதில் +2.50 என்று சுமாராகப் போகும். மற்ற பவருக்கு லென்ஸ் ஸ்டாக்கும் விளிம்பு தேய்க்கும் மெஷினும் வேனில் வந்தால், பாதிப் பேருக்கு மேல் அன்றைக்கே போட்டுக்கொண்டு போகலாம். ‘பிறகு தபாலில் வரும்’ என்ற கண்ணாடிகளில் பல வந்து சேருவதில்லை. சேர்ந்தாலும் பெயர் மாறியிருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் அவசரப்படக் கூடாது. சொட்டு மருந்து விட்டுக் கண் தசையைத் தளர்த்திய பிறகு பவர் பார்க்காவிட்டால் மைனஸ் கூடுதலாக எழுதிவிடும் அபாயம் உண்டு.

லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பழைய கண்ணாடிகளை மூட்டை கட்டி அனுப்புவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொன்றின் பவரையும் அளந்து, கழுவி, பிரித்துவைக்கும் கூலியில் புதுக் கண்ணாடியே வாங்கிவிடலாம். இரண்டு கண்ணுக்கும் பவர், சிலிண்டர் எனப்படும் கோணப் பவர், கண்களுக்கு இடையே உள்ள தூரம் மூன்றும் இன்னொருவருக்கு அச்சாகப் பொருந்துவது அபூர்வம்.

முகாமுக்குள் அடங்காத நோய்களும் உண்டு. வயலில் நெல் சொணை, கரும்புத் தோகை குத்திக் கருவிழியில் புண் வந்தால் முகாம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. தாய்ப்பால் விடுவதும், கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவதும் பூஞ்சைப் புண்ணைப் பெருக்கிவிடும். அன்றைக்கே ஓட வேண்டும். கண் நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவில் கண் அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு பாதித்திருக்கலாம் என்பதால், அழுத்தத்தை மட்டும் அளந்து ‘நல்லா இருக்கு’ என்று அனுப்பும் முகாம் அரைகுறை. இவர்களுக்கெல்லாம் பக்கத்து டவுனில் நிரந்தரக் கண் மையம் இருந்தால், அங்கிருக்கும் டெக்னீஷியன் பார்த்து, டாக்டரோடு வீடியோவில் பேசிவிடுவார். வருடத்துக்கு ஒரு முகாமைவிட அந்த மையத்துக்கு, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி ஒன்று வாங்கித் தருவதே மேல் என்பது என் எண்ணம்.

அறுவைக்குப் போகிறவர்களிடம் மாற்றுத்துணி இரண்டு செட், வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். மருத்துவமனையில் எந்தக் கண் என்று நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். அதை வீட்டார் பிய்த்துவிடக் கூடாது. திரும்பி வந்ததும் தலைக்குக் குளிக்காமல், கண்ணைக் கசக்காமல், சொட்டு மருந்தை நாலைந்து வாரம் விட ஒரு ஆள் வேண்டும். வலியோ சிவப்போ கூடினாலும், பார்வை மங்கினாலும் மறுநாள் வரை வைக்காமல் கூட்டிப்போக வண்டிக்குக் காசு ஒதுக்கிவையுங்கள். ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனையில்தான் கடைசிக் கண்ணாடி எழுதுவார்கள். பேர்ப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வராதவர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட ஊரில் ஒருவரை முன்பே பேசிவைத்து, அவருக்குப் பெட்ரோல் காசையும் சேர்த்து அனுப்புங்கள்.