துடுப்பைக் கையில் ஒட்டுவதா, கையைத் துடுப்பில் ஒட்டுவதா?

பாம்பன் கரையில் நடக்கிற ஒரு சின்ன அனிமேஷன் என்று வைத்துக்கொள்வோம். வள்ளத்தில் துடுப்புப் போடும் அண்ணன், வீச்சு வலைக்காரர், கடல்பாசி எடுக்கப் போகும் அக்கா. மூவரிடமும் சாமான் உண்டு. பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் அதை உடம்போடு சேர்க்கப் பல வழிகள் இருக்கின்றன. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. அந்தச் சாமான் யார் பேச்சைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும்.

அக்காவின் கண்ணாடி கடைசிவரை தலையோடுதான் இருக்கும். பாத்திரத்தை அசைக்க உள்ளே வைக்கும் எலும்புக்கூட்டில் (ரிக்), தலை எலும்புக்கு நேரடியாக பேரண்ட் செய்தால், அதாவது அது போகும் பக்கமெல்லாம் போகும்படி இணைத்தால் போதும். எலும்பை இழுத்து நசுக்கும் கார்ட்டூன் ரிக் என்றால் மட்டும் கவனம்: கண்ணாடியும் சேர்ந்து கோணிக்கொள்ளும்.

இடுப்பில் கட்டிய வலைப்பை கொஞ்சம் வேறு. குனியும்போது இடுப்பும் தொடையும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இதற்கு 2019-இல் 2.80 பதிப்போடு வந்த ஆர்மேச்சர் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒன்றின் அசைவை மற்றதோடு கட்டும் பிணைப்பு) சுகம். இரண்டு எலும்பையும் கொடுத்து, எதற்கு எவ்வளவு பங்கு என்று எடையை மாற்றிக்கொள்ளலாம். ரிக்கின் ஆரம்ப நிலையில் பை சரியான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீச்சு வலைக்கு வந்தால்தான், பேரண்ட் போலவே இணைத்து நடுவில் விடுவிக்கவும் முடிகிற சைல்டு ஆஃப் கன்ஸ்ட்ரெய்ன்ட் தேவைப்படுகிறது. கையில் இருக்கும்வரை இன்ஃப்ளூயன்ஸ் (பிணைப்பின் வலு) 1. விட்ட ஃபிரேமில் 0. இடையில் கீயை (ஃபிரேமில் பதிக்கும் மதிப்பை) படிப்படியாக மாறாத கான்ஸ்டன்ட்டாக வைக்காவிட்டால் வலை கைக்கும் காற்றுக்கும் நடுவே தானாக வழுக்கும். விடுகிற ஃபிரேமில் வலை கண்ணுக்குத் தெரியும் இடத்தையே விஷுவல் கீயாகப் பதிக்க வேண்டும், இல்லையேல் பழைய இடத்துக்குத் துள்ளிவிடும். பிணைக்கும்போது பொருள் இடம் மாறாமல் காக்கும் செட் இன்வர்ஸ் கணக்கை கீ போட முடியாது என்பதால், அதே கை வேறு பிடியில் மறுபடி எடுத்தால் இன்னொரு கன்ஸ்ட்ரெய்ன்ட் சேர்ப்பதே எனக்குப் பிடித்த வழி. மடித்த வலையும் விரிந்த வலையும் தனித்தனி மாடலாக இருக்கட்டும். விடுகிற ஃபிரேமில் ஒன்றை மறைத்து மற்றதைக் காட்டலாம். அப்புறம், கயிற்றின் நுனியை மறந்துவிடாதீர்கள். வலை பறந்தாலும் அது மணிக்கட்டில்தான் கட்டியிருக்கும், ஆகவே அதற்கு எலும்பு பேரண்ட்.

துடுப்பில்தான் பலரும் சுற்றிவளைக்கிறார்கள். வலது கையில் ஒட்டுவார்கள். இடது கை பிடியிலிருந்து நழுவும். ஃபிரேம் ஃபிரேமாக ஒட்டுப்போடுவார்கள். வள்ளத்தின் விளிம்பில் துடுப்பைக் கயிற்றால் கட்டியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது சுழல்வது அந்தக் கட்டில்தான், கையில் அல்ல. எனவே துடுப்புக்குச் சொந்த எலும்பு கொடுத்து, அதன் மையத்தை அந்தக் கட்டில் வைத்து, வள்ளத்துக்கு பேரண்ட் செய்யுங்கள். பிடியில் இரண்டு கைகளின் ஐகே இலக்குகளையும் (கை எலும்புகள் பின்தொடரும் புள்ளிகள்) ஒட்டிவிடுங்கள். துடுப்பை மட்டும் அசைத்தால் கை, முழங்கை எல்லாம் பின்னால் வரும். தோளும் இடுப்பும் தானாக வராது. அந்த உந்தலை நீங்கள்தான் போட வேண்டும், அது இல்லாவிட்டால் அண்ணன் துடுப்போடு ஆடும் பொம்மையாகத்தான் தெரிவார். கரை சேரும்போது ஒரு கையை எடுத்துக் கயிறு வீசுகிறாரா? அந்தக் கையின் இலக்கை மட்டும் நேரடி பேரண்டுக்குப் பதில் சைல்டு ஆஃப் மூலம் பிடியில் ஒட்டி, வலைக்குச் செய்தது போலவே விடுவிக்கலாம்.