நெட்நியூஸ்வயர்: எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

காலையில் கண் விழித்ததும் போனை எடுத்து, யாரோ யாரையோ திட்டியதற்கு இன்னொருவர் கொடுத்த பதிலடியைப் படித்துவிட்டு, மூலச் செய்தி என்னவென்றே தெரியாமல் கோபத்தோடு பல் தேய்க்கப் போவது என் பல வருடப் பழக்கம். அதை விடலாம் என்றுதான், நாம் தேர்ந்தெடுக்கும் தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்துக் காட்டும் நெட்நியூஸ்வயர் என்ற ஆர்எஸ்எஸ் செயலியை ஏற்றினேன். பழக்கம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பாதி போயிருக்கிறது.

ஆர்எஸ்எஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த சமாச்சாரம். ஒரு தளத்தில் புதிதாக ஏதாவது வந்தால் அதன் தலைப்பும் சுட்டியும் 'ஓடை' (ஃபீட்) எனப்படும் ஒரு சின்னக் கோப்பில் சேரும், செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எட்டிப் பார்த்து புதுசை எடுத்துக்கொண்டு வரும். அவ்வளவுதான். உங்களுக்கு எது பிடிக்கும், எதைக் காட்டினால் இன்னும் பத்து நிமிடம் உட்காருவீர்கள் என்று நடுவில் யாரும் கணக்குப் போடுவதில்லை. 2013 ஜூலையில் கூகுள் ரீடர் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் கதை முடிந்தது என்று பேசினார்கள், ஆனால் நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட் பெரும்பாலும் இன்றைக்கும் இதன் மேல்தான் ஓடுகிறது.

இந்தச் செயலிக்கும் வயதாகிவிட்டது. பிரென்ட் சிம்மன்ஸ் என்பவர் 2002-ல் மேக் கணினிக்காக உருவாக்கியது. நடுவில் வேறு நிறுவனங்களுக்குக் கைமாறி, 2018-ல் அவரிடமே திரும்பி வந்து, அடுத்த வருடம் திறந்த மூலச் செயலியாக, அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம் என்ற வகையில், வெளியானது. இலவசம், விளம்பரம் கிடையாது, யார் எதைப் படிக்கிறார்கள் என்று வேவு பார்ப்பதும் இல்லை. இடது பக்கம் தளங்கள், நடுவில் தலைப்புகள், வலது பக்கம் கட்டுரை. அழகு என்று சொல்ல முடியாது, சுத்தமாக இருக்கிறது.

உலகச் செய்திக்கு பிபிசி, அல் ஜசீரா, கார்டியன் மூன்றையும் சேர்த்தேன். இதில் எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. எல்லாம் நேர வரிசையில் வருவதால் ஒரே சம்பவத்தின் மூன்று தலைப்புகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்றில் 'உயிரிழந்தனர்' என்று இருக்கும், இன்னொன்றில் 'கொல்லப்பட்டனர்' என்று இருக்கும், மூன்றாவதில் எத்தனை பேர் என்ற எண்ணே வேறாக இருக்கும். சமூக ஊடகத்தில் இந்த மூன்றில் ஒன்றுதான் என் கண்ணில் படும், அதுவும் ஏற்கெனவே யாரோ கோபப்பட்டு முடித்த பிறகு.

அப்புறம் சம்பளச் சண்டை. டெஸ்லா நிறுவனம் எலான் மஸ்க்குக்கு 2018-ல் கொடுத்த ஊதியத் திட்டத்தின் மதிப்பு சுமார் 5,600 கோடி டாலர் என்று செய்தி வந்தபோதெல்லாம் என் டைம்லைனில் இரண்டே கட்சி: 'உழைத்தார், வாங்குகிறார்' ஒரு பக்கம், 'கொள்ளை' இன்னொரு பக்கம். நானும் இரண்டாவது கட்சியில் நின்று இரண்டு நாள் கத்தியிருக்கிறேன். அது மாதச் சம்பளமே அல்ல, 12 கட்ட இலக்குகளை எட்டினால் கிடைக்கும் பங்கு வாங்கும் உரிமை என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. அமெரிக்காவின் டெலாவேர் மாநில நீதிமன்றம் 2024 ஜனவரியில் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. ஜூனில் பங்குதாரர்கள் மறுபடி வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள், டிசம்பரில் அதே நீதிபதி மறுபடியும் முடியாது என்றார், 2025 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி திட்டத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தது. எட்டு வருடக் கதை. நாங்கள் ஒவ்வொரு முறையும் ஒரு சாயங்காலம் சண்டை போட்டுவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டோம். ஒரு வணிகச் செய்தித் தளத்தின் ஓடையைச் சேர்த்து பழைய கட்டுரைகளுக்கு நட்சத்திரம் போட்டு வைத்ததால்தான் இந்த வரிசை எனக்குப் பிடிபட்டது. என் கருத்து பெரிதாக மாறவில்லை, இன்னமும் அது அநியாயத் தொகைதான், ஆனால் இப்போது ஏன் என்று சொல்லத் தெரிகிறது.

சமையலில்தான் செயலி கொஞ்சம் சறுக்குகிறது. குறும்படம் மாதிரி ஓடும் வீடியோக்களில் வெங்காயம் ஐந்தே நிமிடத்தில் கரும்பழுப்பாகிவிடும். நடுவில் வெட்டி ஒட்டியது தெரியாத என்னைப் போன்றவர்கள் தீயைக் கூட்டி வைத்து ஓரத்தைக் கருக்கிவிட்டு நடுவைப் பச்சையாகச் சாப்பிட்டிருக்கிறோம். மிதமான தீயில் இனிப்பு இறங்கும் அளவுக்கு வதங்க 40 நிமிடம் ஆகும் என்று ஒரு சமையல் வலைப்பதிவு நேராகச் சொன்னது, அதைச் சேர்த்துக்கொண்டேன். சரி, ஆனால் பெரும்பாலான சமையல் தளங்கள் ஓடையில் இரண்டு வரி மட்டும் கொடுத்து மீதிக்குத் தளத்துக்கு வா என்கின்றன. 'ரீடர் வியூ' பொத்தானை அழுத்தினால் முழுக் கட்டுரையும் செயலிக்குள்ளேயே வந்துவிடும், சில சமயம் அளவுப் பட்டியலை மட்டும் விழுங்கிவிட்டு வரும். உப்பு எவ்வளவு என்று தெரியாத செய்முறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னொன்று, 'எனக்கு இது தண்ணியாகிவிட்டது, மாவு கொஞ்சம் கூட்டினேன்' என்று கீழே கருத்து எழுதும் புண்ணியவான்கள் இங்கே இல்லை. அவர்களுக்காக நான் இன்னமும் தளத்துக்குப் போகிறேன்.

பெரிய குறை, ஆப்பிள் சாதனங்களில் மட்டும்தான் கிடைக்கும். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு 'ஃபீடர்' இருக்கிறது, அதுவும் இலவசம், அதுவும் திறந்த மூலம். சேர்த்த தளங்களின் பட்டியலை ஓபிஎம்எல் என்ற பொது வடிவக் கோப்பாக எடுத்து எந்த ஆர்எஸ்எஸ் செயலிக்கும் கொண்டுபோகலாம் என்பதால் மாட்டிக்கொள்ளும் பயம் இல்லை. நான் முன்பு வைத்திருந்த ஒரு செயலி, பெயர் வேண்டாம், ஒரு நாள் திடீரென்று கடையை மூடியபோது சேர்த்து வைத்ததெல்லாம் போனது, அந்த எரிச்சலில் சொல்கிறேன்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் நான் செய்த முட்டாள்தனத்தைச் செய்ய வேண்டாம். முதல் நாளே 60 தளங்களைச் சேர்த்தேன். மறுநாள் காலை படிக்காதவை 430 என்று காட்டியது, அலுவலக மெயில் பெட்டியைப் பார்த்த மாதிரி வயிற்றைக் கலக்கியது. இப்போது 17 தளம். காப்பி ஆறுவதற்குள் எண்ணிக்கை காணாமல் போய்விடுகிறது, அதற்கு மேல் உருட்ட ஒன்றும் இருக்காது. முதல் வாரம் அந்த வெற்றுத் திரையைப் பார்த்து கை தானாக வேறு செயலியைத் தேடியது, நிஜம். இன்றைக்கு 14 பாக்கி இருக்கிறது, அதில் ஒன்பது ஒரே தளம். அதைத் தூக்கிவிடப் போகிறேன்.