பினாங்கு வெயிலில் ஓட்டம்: விடியற்காலையா, மாலையா?

பினாங்கில் ஓடுகிறவர்கள் இரண்டு கட்சி. விடியுமுன் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஒன்று. வேலை முடிந்து கர்னி டிரைவ், கர்ப்பால் சிங் டிரைவ் என்று கடலோரம் போகிறவர்கள் இன்னொன்று. நான் மாலையிலிருந்து காலைக்குக் கட்சி தாவியவன். அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மாலையில் உடம்பு இளகியிருக்கும், துணைக்கு ஆள் இருக்கும், கடல் காற்று வரும். தூக்கமும் கெடாது. சரி, இதெல்லாம் உண்மைதான்.

மாலைக்காரர்கள் அடித்துப் பேசுவது ஈரப்பதத்தை வைத்துத்தான். காலை ஆறு மணிக்குக் கைப்பேசியில் 93 சதவீதம் காட்டும், மாலையில் 68. பார்த்ததும் மாலையே தேவலை என்று தோன்றும். ஆனால் அந்தச் சதவீதம் அந்தந்த நேரத்து வெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 25 டிகிரியில் 93 என்றாலும் 31 டிகிரியில் 68 என்றாலும், ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி ஏறக்குறைய ஒன்றுதான்: 21, 22 கிராம். வியர்வையைக் காயவிடாமல் தடுப்பது இந்த நீராவி. ஆக, அதில் இரண்டு வேளையும் சமம். மிச்சம் இருப்பது சூடு. அதில் காலைக்கு ஆறு டிகிரி லாபம். பகலெல்லாம் காய்ந்த தார் கீழிருந்து அனலடிக்கும் தொல்லையும் இல்லை.

நம் கடிகாரமும் மாலைக்கு எதிரிதான். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றேகால் வாக்கில். அப்படிப் பார்த்தால் மாலை ஐந்தரை என்பது சூரியக் கணக்கில் நாலேகால்தான், அதாவது நல்ல வெயில். காலையிலோ சூரியன் தலைகாட்ட ஏழு மணி தாண்டிவிடும். ஆறுக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரம் வெயிலே படாமல் ஓடலாம்.

காலையிலும் தொல்லை உண்டு. மரத்தடியில் காற்று அசையாது, சட்டையைப் பிழியலாம், கொஞ்ச நேரத்தில் காலணிக்குள் சளக் சளக்கென்று சத்தம் கேட்கும். தொடையிலும் அக்குளிலும் வாஸ்லின் தடவாமல் நான் இறங்குவதில்லை. சாலையோரம் ஓடினால் இருட்டில் பளிச்சென்று தெரியும் உடுப்பு வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை வேறு. கடலோரத்தில் ஒதுங்க இடம் தேட வேண்டியிருக்கும். இடிச் சத்தம் கேட்டாலே ஓட்டத்தை நிறுத்துவதுதான் சரி.

எந்த வேளையானாலும், குளிர் நாட்டிலிருந்து வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் மெதுவாக ஓடட்டும். வெயிலில் திடீரென்று குளிரெடுத்தாலோ தலை சுற்றினாலோ நிழலுக்குப் போய் மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். கூட வந்தவரின் பேச்சு குழறினால் உடனே 999.

இரவு ஒன்பதுக்கு மேல் ஓடுவது சுகம் என்கிறார்கள். நான் அதிகம் போனதில்லை, சாப்பாட்டு நேரம் ஒத்துவரவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் ஏறுகிறவருக்கு விடியற்காலை ஓட்டம் நடக்காத காரியம். அவர் இரவு ஏழரைக்கு மேல் ஓடலாம். தார் அப்போதும் சூடாகத்தான் இருக்கும், தலைக்கு மேல் வெயிலாவது இருக்காது.