24 தாள்களில் கறுப்பின ஓவியர்கள்: ஓர் அச்சுத் தொகுப்பு பற்றிய மதிப்புரை

இருபதாம் நூற்றாண்டில் போதிய கவனம் பெறாமல் போன அமெரிக்கக் கறுப்பின ஓவியர்களின் 24 ஓவியங்களைத் தனித்தனித் தாள்களில் அச்சிட்டு, ஒரு சிறுநூலுடன் பெட்டியில் அடுக்கித் தரும் தொகுப்பு ஒன்றை அண்மையில் வாங்கினேன். அரூப ஓவியம், உருவ ஓவியம் இரண்டுக்கும் சம இடம் தந்திருக்கும் தேர்வில் குறை சொல்ல எதுவுமில்லை; குறை அச்சிலும் சிறுநூலிலும்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆல்மா தாமஸின் தாள் மிக அருமை. வண்ணத் திட்டுகளின் இடைவெளியில் அவர் முன்கூட்டியே இட்டிருந்த பென்சில் கோடுகள்கூடத் தெரிகின்றன; போகிற போக்கில் வைத்தவைபோலத் தோன்றும் அத்திட்டுகள் எவ்வளவு கணக்காக வைக்கப்பட்டவை என்பது அவற்றைக் கண்ட பிறகே புரிகிறது. வாஷிங்டன் பள்ளி ஒன்றில் 35 ஆண்டுகள் ஓவியம் கற்பித்து, 1960-இல் ஓய்வு பெற்ற பிறகே முழுநேரமாகத் தூரிகையைப் பிடித்த அவருக்கு, நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி அமைந்தது 1972-இல், 80-ஆம் வயதில். அங்கே அப்படி இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

பார்க்லி ஹென்ட்ரிக்ஸின் ‘லாடி மாமா’ (1969) தாள்தான் பெரும் ஏமாற்றம். அசலில் மேற்புறம் வளைந்த கான்வாஸும் தங்கத் தகடு ஒட்டிய பின்னணியும் சேர்ந்து, அன்றாட உடையில் நிற்கும் ஓர் இளம்பெண்ணைத் தேவாலயத் திருவுருவத்தின் நிலைக்கு உயர்த்துகின்றன. இங்கோ வளைவை வெட்டிச் செவ்வகமாக்கியிருக்கிறார்கள்; தங்கம் மங்கிய மஞ்சளாகிவிட்டது. ஓவியத்தின் வாதத்தையே கத்தரித்ததற்கு இது சமம். சட்டத்திலிருந்து கான்வாஸை விடுவித்துத் துணிபோல மடிப்புகளாகத் தொங்கவிட்ட சாம் கில்லியமின் படைப்புக்கும் ஒரே ஒரு நேர்முகப் புகைப்படம் போதும் என்று நினைத்தது ஏனோ?

சிறுநூலின் குறை வேறு வகை. நார்மன் லூயிஸ் 1950-இல் நியூயார்க்கின் ‘ஸ்டூடியோ 35’ விவாதங்களில், உருவங்களை விட்டு வண்ணத்தாலும் கோட்டாலுமே உணர்வை வெளிப்படுத்திய அரூப வெளிப்பாட்டியல் ஓவியர்களுடன் அமர்ந்தவர். 1955-இல் பிட்ஸ்பர்க்கின் கார்னகி கண்காட்சியில் ‘இடம்பெயரும் பறவைகள்’ ஓவியத்துக்காகப் பொதுமக்கள் விருது பெற்றவர். அவருக்கு மறுக்கப்பட்டவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர்கள், அவருடைய மெல்லிய கோடுகள் கூட்டமாகத் திரண்டு நகர்வதுபோல் தோன்றுவதைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். புறக்கணிப்பின் வரலாறு தேவைதான். ஆனால் அது முடிந்ததும் ஓவியத்தைப் பார்க்கக் கற்றுத் தர வேண்டாமா?

தாமஸ், லூயிஸ் தாள்களுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். ஹென்ட்ரிக்ஸ் தாளைத் திருப்பி அனுப்பி, வளைவு வெட்டப்படாத அச்சு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.