மஞ்சள் மீட்டர் 280 ரூபாய், தெண்டமாய் வாங்கிய பேட்டரி 4,300

முகத்தில் 830டி என்று எழுதிய மஞ்சள் டிஜிட்டல் மல்டிமீட்டரை (வோல்டேஜ், கரண்ட் அளக்கும் கருவி) பார்த்திருப்பீர்கள், எந்தக் கம்பெனி என்றே தெரியாது. வேலூரில் ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடையில் 280 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வாரம் முன்னாடியே வாங்கியிருக்க வேண்டியது.

காட்பாடி ரயில்வே மேம்பாலம் ஏறும்போது காரில் சிவப்பு பேட்டரி விளக்கு மினுக்கியது, மறுநாள் காலை செல்ஃப் டக்டக் என்றதோடு சரி. வந்த மெக்கானிக் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். இன்ஜின் நிற்கவில்லை. "டைனமோ நல்லாத்தான் இருக்கு சார், பேட்டரிதான் போச்சு" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது டைனமோ. அந்தக் காலத்து அம்பாசிடருக்கு இந்த வித்தை சரி, கம்ப்யூட்டர் இருக்கிற வண்டியில் அப்படிக் கழற்றினால் வோல்டேஜ் எகிறி, டைனமோவுக்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடிலிருந்து ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் வரை எது வேண்டுமானாலும் போகலாம். நானும் தலையாட்டிவிட்டுப் புது பேட்டரி போட்டேன். பன்னிரண்டாம் நாள் மறுபடி டக்டக்.

அப்புறம்தான் மீட்டர். டயல் டிசி 20 வோல்ட்டில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி ஃபுல், 12.2 என்றால் பாதி, என்னுடையது 11.9. வெளியே சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தேன். 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும், நின்றது 12.3, ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டதும் அதுவும் இறங்கிக்கொண்டே போனது. இத்தோடு டைனமோவைக் கழற்றிவிடாதீர்கள். அதன் பின்னால் தடி ஒயர் வந்து சேரும் போல்ட்டிலேயே ஒருமுறை அளந்து பாருங்கள், அங்கே 14 இருந்து பேட்டரியில் 12 என்றால் கோளாறு நடுவில் இருக்கும் ஒயரில். எனக்கு இரண்டு இடத்திலும் ஒரே அளவு, பெல்ட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது.

பேட்டரி நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டு (அந்தத் தடி ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், மறந்தால் ஸ்பானர் பொறி பறக்கும்), பெல்ட்டைத் தளர்த்தி, இரண்டு போல்ட், வெளியே வந்துவிட்டது. வேலூர் மே மாதத்து வெயிலில் இதைச் செய்யாதீர்கள், சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். செல்ஃப் டைனமோ கடைக்காரர் பிரித்துக் காட்டினார், சுற்றும் பாகத்தை உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பனில் ஒன்று துவரம்பருப்பு அளவுக்குத் தேய்ந்து கிடந்தது, குலுங்கினால் ஒட்டும், இல்லையென்றால் விலகும். மெக்கானிக் பார்த்த அன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். கார்பனும், வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் மாற்ற 850 ரூபாய். மாட்டியதும் 14.2.

மீட்டரின் குறைகள் நிறைய. ஒயர் நூல் மாதிரி. கிளிப் கிடையாது, பையன்தான் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் லைட் இல்லை, செல்போன் டார்ச்தான். டயோடு கெட்டு ஏசி கரண்ட் கசிகிறதா என்று பார்க்கலாமே என்று, டயலை ஏசி 200 வோல்ட்டில் வைத்து பேட்டரியை அளந்தால் 31 காட்டியது, முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம்! அது டைனமோ கோளாறு இல்லை, மீட்டரின் லட்சணமே அவ்வளவுதான், அந்தச் சோதனைக்கு நல்ல மீட்டர் வேண்டும். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இருப்பதைக் கவனிக்காமல் பேட்டரியில் வைத்தேன், அதற்கு ஃபியூஸ் கிடையாது, முனை உருகிவிட்டது. வேறு ஒயர் 60 ரூபாய்.

போன வாரம் 15.6 என்று காட்டியது. ரெகுலேட்டரும் போச்சா என்று வயிற்றைக் கலக்கிவிட்டது. மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி செத்துக்கொண்டிருந்தால் இது கூடுதலாகக் காட்டுமாம். புதுசு போட்டேன், 14.2.