சிறுமலை இறக்கமும் டிஸ்க் பிரேக்கும்: நான்கு ஆண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளாக ஒரே சைக்கிளில் ஒரே மலைச்சாலையில் இறங்கிவருகிறேன். சைக்கிள் 24 கியர் கொண்ட ஹைப்ரிட் வகை. சாலை, திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. மதுரையிலிருந்து வடக்கே போகும்போது வாடிப்பட்டிப் பக்கம் வலப்புறத்தில் நீளமாகப் படுத்துக் கிடக்கும் அந்த மலையைச் சிறு வயதிலிருந்தே பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்து வளர்ந்தவன் நான். மதுரைக்குள் சைக்கிள் மிதிப்பவருக்கு இறக்கம் என்றால் ரயில்வே மேம்பாலத்துச் சரிவு மட்டும்தான். அரை மணி நேரம் பெடலை மிதிக்காமலே இறங்குவது எப்படியிருக்கும் என்ற ஆசைதான் நாற்பது வயதுக்கு மேல் என்னைச் சிறுமலைக்கு அழைத்துச் சென்றது.

வாங்கும்போது நான் உறுதியாகக் கேட்டது டிஸ்க் பிரேக். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டை, ரிம் நனைந்திருந்தால் சற்றுத் தாமதித்தே பிடிக்கும்; நீண்ட இறக்கத்தில் ரிம்மே சூடாகி, அந்தச் சூடு டயருக்கும் டியூபுக்கும் போகும். டிஸ்க்கில் அந்த வெப்பத்தைச் சக்கரத்தின் நடுவிலுள்ள தகடு வாங்கிக்கொள்கிறது. என் சைக்கிளில் இருப்பது 160 மி.மீ. தகடு, முதலில் பொருத்தப்பட்டிருந்தது கேபிளால் இயங்கும் வகை.

திண்டுக்கல்லில் என் தங்கை வீட்டில் தங்கி, விடிந்ததும் ஏறத் தொடங்கினால் மேலே சேர இரண்டு மணி நேரமாகும். முதல் முறை இறங்கியபோது வேகமானி 28ஐத் தொட்டதுமே வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழுந்ததுபோல இருந்தது. பிரேக் பிடியிலிருந்து விரல்களை ஒரு கணமும் எடுக்கவில்லை. ஏழாவது வளைவில் முன்கை மரத்தது. பத்தாவது வளைவில் விரல்களை விரிக்க முடியாமல் ஓரமாக நின்றுவிட்டேன். அங்கே ஒரு கருகல் வாடை வந்தது. காட்டில் எங்கோ சருகு எரிகிறது என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். வாடை என் முன்சக்கரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுவாரம் மதுரையில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக், தகட்டை இருபுறமும் கவ்வும் வில்லைகளான பேட்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய அவற்றின் முகம், வெயிலில் பிடித்தால் பளபளக்கும் அளவுக்கு இறுகியிருந்தது. “என்னண்ணே, மேலருந்து கீழ வரைக்கும் விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்தீகளா? பேட் கண்ணாடியாப் போச்சு பாருங்க” என்றார். என் பயம் முழுவதும் அந்த இரண்டு சிறிய வில்லைகளில் பதிவாகியிருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒரு லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. வேகமாகப் போனால் அதில் கணிசமான பங்கைக் காற்றின் எதிர்ப்பே தின்றுவிடும். பயந்து மெதுவாக, பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கினால் ஏறத்தாழ முழுவதும் பேட்டிலும் தகட்டிலும் போய்ச் சேரும், அவை ஆறுவதற்கு இடைவெளியும் கிடைக்காது. அதற்காக வேகமாகப் போவதே பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. வேகம் இரட்டிப்பானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது என்பதும் அதே இயற்பியல்தான். மெக்கானிக் கற்றுக்கொடுத்த முறை இரண்டுக்கும் இடைப்பட்டது: வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் நுழைந்ததும் பிடியைத் தளர்த்திவிட வேண்டும், வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அதன்மேல் எடையை இறக்கி, கண்ணை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தால் கை தானாகப் பள்ளத்துப் பக்கமே போகிறது.

இது உடம்பில் படிய எனக்கு ஓராண்டு ஆனது. பயம் குறையவேயில்லை, ஆனால் வழிநெடுகப் பரவிக் கிடந்த அது, ஒவ்வொரு வளைவுக்கும் முந்தைய இருபது முப்பது மீட்டருக்குள் வந்து ஒடுங்கிக்கொண்டது. மீதியுள்ள தூரம் எனக்குக் கிடைத்தது. வளைவு முடிந்து சாலை நிமிரும் இடத்தில் பிடியை விட்டதும் சைக்கிள் முன்னே பாய்கிறது. நாற்பதைத் தாண்டினால் காதுக்குள் காற்றைத் தவிர வேறு ஓசை இல்லை. கண்ணாடியையும் மீறிக் கண்ணில் நீர் கோக்கிறது. மேலே குளிர்ந்திருந்த காற்று கீழே வர வர வெதுவெதுப்பாவதை முழங்கையில் உணர முடிகிறது. அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறெதையும் இந்த வயதில் நான் அனுபவித்ததில்லை.

இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் விழுந்தேன். சர்வீஸுக்கு விட்டிருந்த ஓரிடத்தில் முன்பிரேக் கேபிளின் திருகைச் சரியாக முடுக்கவில்லை. நானும் புறப்படும்முன் சோதிக்கவில்லை. எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி ஏறி வர, நான் பிடித்த பிடி ஹேண்டில்பாரைத் தொட்டும் வேகம் குறையவில்லை. பின்பிரேக்கால் பாதி வேகம் குறைந்தது. மழை அடித்து வந்த மணலில் சக்கரம் வழுக்கி, மலைப் பக்கமாகச் சாய்ந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். அதன்பிறகு நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

திரும்பப் போகுமுன், கேபிளுக்குப் பதில் குழாயிலுள்ள திரவத்தின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாற்றினேன். ஒரு விரல் போதும். கை மரப்பது அறவே நின்றது. பேட் தேயத் தேய அதுவே இடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது. குறைகளும் உண்டு. சங்கிலிக்கு விடும் எண்ணெய் ஒரு துளி தகட்டில் பட்டாலும் பேட் வீணாகிவிடும். சக்கரத்தைக் கழற்றியபின் தெரியாமல் பிடியை அழுத்தினால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும். குழாய்க்குள் காற்று புகுந்தால் எல்லாக் கடைகளிலும் எடுக்கத் தெரியாது. கேபிள் என்றால் எந்த ஊர்க் கடையிலும் ஒரு ஸ்பேனரில் வேலை முடிந்துவிடும். மலை இறங்காதவர்களுக்குக் கேபிள் வகையே போதும் என்பது என் கருத்து.

ஐம்பதை ஒருமுறை தாண்டியபோது ஹேண்டில்பார் கிடுகிடுவென நடுங்கத் தொடங்கியது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க நடுக்கம் கூடியது. முழங்கால்களைப் பார் கம்பியோடு அணைத்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தபின்தான் அடங்கியது. அன்றிலிருந்து 45தான் என் எல்லை.

பேட்டின் தேயும் பகுதி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். என் முன்பேட்டில் இப்போது ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. அடுத்த மாதம் தங்கை மகனும் உடன் வருவதாகச் சொல்கிறான். நேற்று அவன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். பின்கட்டைகள் தகரம் தெரியத் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மாற்றும்வரை அவனைக் கூட்டிப்போவதாக இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.