கிரியேஷன் கிட்டில் டிராகன் குகை: பல வருடம் புழங்கியபின்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமுக்கு மாட் (ரசிகர்கள் தாங்களே செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்யத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், மலைக்கு அடியில் டிராகன் குகை கட்டப் போகிறேன், அந்த விளையாட்டின் அதிகாரப்பூர்வ எடிட்டரான கிரியேஷன் கிட் போதுமா என்று கேட்டிருந்தார். பல வருடமாக இதே கருவியில் குகை மேல் குகையாகக் கட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். இலவசம், 2012 பிப்ரவரியில் வந்தது, விளையாட்டின் மறுவெளியீடான ஸ்பெஷல் எடிஷனுக்குத் தனிப் பதிப்பு உண்டு என்பதெல்லாம் அவருக்கே தெரியும், அதை விடுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். மூல விளையாட்டில் டிராகன்கள் மலை உச்சியில் சொற்சுவருக்கு (டிராகன் மொழிச் சொற்கள் செதுக்கிய கல்சுவர்) பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் தலைக்கு மேலே வட்டமடிக்கும். பூமிக்கு அடியில் தங்கக் குவியலின் மேல் சுருண்டு படுத்திருக்கும் டிராகன், நாம் சின்ன வயதிலிருந்து கதைகளில் பார்த்த அந்த டிராகன், இங்கே கிட்டத்தட்ட இல்லவே இல்லை. லாபிரிந்தியன் என்ற பாழடைந்த இடத்தில் ஒரு எலும்பு டிராகன் எழுந்து வரும், ஆனால் அது தரையில் நின்றேதான் சண்டை போடும். பிளாக்ரீச் என்ற பிரம்மாண்டமான நிலத்தடிக் குகையில் தொங்கும் அந்தப் பெரிய ஆரஞ்சு உருண்டையைப் பார்த்து ‘ஃபுஸ் ரோ டா’ என்ற மந்திரக் கூவலைக் கத்தினால் வுல்துர்யோல் என்ற டிராகன் வரும், அது பறக்கவும் செய்யும். ஏன் ஒன்று பறக்கிறது, இன்னொன்று பறப்பதில்லை? என் எரிச்சல் முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருக்கிறது. கருவியில் தயாராக இருக்கும் குகைத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாதை அமைப்பது அவ்வளவு சுகம். பொருட்களைக் கட்டக் கோடுகளில் ஒட்டவைக்கும் கிரிட் ஸ்னாப்பைப் போட்டுவிட்டால் துண்டுகள் தாமாகவே வரிசையில் உட்காரும், எஃப் விசையை அழுத்தினால் அலங்காரத்துக்கு வைத்த எலும்புக்கூடு தரையில் இறங்கிவிடும். இந்தத் துண்டு முறையைப் பற்றி ஸ்கைரிமில் வேலை செய்த ஜோயல் பர்ஜெஸும் நேதன் பர்கிபைலும் 2013 கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்சில் பேசியிருக்கிறார்கள், தேடிப் பாருங்கள், குகை கட்டுகிற யாருக்கும் அது பாடப்புத்தகம். ஒரு மாலையில் சுரங்கப்பாதை, அறை, சரிவு எல்லாம் எழும்பி நிற்கும். வேறு எந்த விளையாட்டின் எடிட்டரிலும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் ஒரு இடம் ‘இடமாக’ மாறியதில்லை.

சரி, இப்போது டிராகனை உள்ளே வைப்போம். நீங்கள் கட்டியது இன்டீரியர் செல் (வெளியுலகத்தோடு ஒட்டாமல் தனியாகத் திறக்கும் உள்ளிடம்) என்றால் டிராகன் பறக்காது, அவ்வளவுதான். ஒரு உயிர் எப்படிச் சண்டை போடும் என்று தீர்மானிக்கும் காம்பாட் ஸ்டைல் அமைப்பில் பறப்புக்கென்று ஒரு தொகுதியே இருக்கிறது. மிதக்கும் வாய்ப்பு, பாய்ந்து தாக்கும் வாய்ப்பு, உயரத்தில் உட்கார்ந்து தாக்கும் வாய்ப்பு என்று எண்களை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், கூரை எத்தனை உயரமாக இருந்தாலும் அது கீழேயே கிடக்கும். பறக்க வேண்டுமென்றால் பிளாக்ரீச்சைப் போலத் தனி வேர்ல்ட்ஸ்பேஸ் (வெளிநிலமாகவே இயங்கும் ஒரு தனி உலகம்) ஒன்றை உருவாக்கி அதற்குக் கல்லால் கூரை போட வேண்டும். விளையாட்டைப் பொறுத்தவரை அது வெட்டவெளி, நம் கண்ணுக்கு மட்டும் குகை. அங்கே போனால் அறை எல்லைகளும் போர்ட்டல்களும் கிடையாது, அதாவது கண்ணில் படாத அறையை வரையாமல் விடும் அந்த அருமையான வசதி போய்விடும். வெயில் உள்ளே வராமலிருக்கத் தனியாக ஒரு இருண்ட வானிலை செய்ய வேண்டும். 4096 அலகுக்கு ஒரு செல் என்று நிலம் துண்டாகிவிடும், ஒவ்வொரு எல்லையிலும் நேவ்மெஷ்ஷை (பாத்திரங்கள் எங்கே நடக்கலாம் என்று காட்டும் முக்கோண வலை) சரியாக இணைக்க வேண்டும். ஒரு மிருகம் சிறகடிப்பதற்காக இத்தனை! டிராகன்களைப் பற்றிய ஒரு விளையாட்டின் கருவியில் இது இவ்வளவு கஷ்டமாக இருப்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

நேவ்மெஷ் என்றதும் இன்னொன்று. அது எல்லா உயிர்களுக்கும் பொது. 128 அலகு உயரமுள்ள மனிதன் சுவரை ஒட்டி நடக்கும்படி முக்கோணங்களை வரைந்தால், டிராகனும் அதே விளிம்பு வரை வரும், கழுத்து பாறைக்குள் புகுந்து மறுபக்கம் தெரியும். டிராகனுக்காக விளிம்பை உள்ளே இழுத்தால் நம் கூடவே வரும் துணைவீராங்கனை லிடியா நடுக்கூடத்திலேயே நின்றுகொண்டு ஓரமாக ஒதுங்கத் தெரியாமல் தீயில் வேகிறாள். இரண்டுக்கும் நடுவில் கையால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்துவதைத் தவிர வழி இல்லை. தானாக உருவாக்கும் வசதி குகையில் உதவாது, கற்களின் மேலெல்லாம் ஏறி வலை பின்னிவிடும்.

ஆனால் இந்தப் பறக்காத டிராகனே எனக்குப் பிடித்த ஒன்றைக் கொடுத்தது. ஸ்கைரிம் டிராகனுக்கு முன்னங்கால் கிடையாது, சிறகை ஊன்றித்தான் நடக்கும். தாழ்ந்த கூரையுள்ள அகலமான பாதையில் அதை விட்டால், சிறகுகளை மாற்றி மாற்றி ஊன்றி, தலையைத் தாழ்த்தி நம்மை நோக்கி ஊர்ந்து வரும். வெட்டவெளியில் எத்தனை டிராகனைக் கொன்றிருந்தாலும் இங்கே பயம் வேறு. விளக்கையும் இதற்கு ஏற்ற மாதிரி வைக்க வேண்டும்: நிழல் விழும் விளக்குகள் ஒரே நேரத்தில் நான்குக்கு மேல் பார்வையில் இருந்தால் மினுக்கும், அதனால் ஒன்றே ஒன்றை ஒரு பழைய விலா எலும்புக் கூட்டுக்குப் பின்னால் வைப்பேன், மீதியெல்லாம் நிழல் இல்லாத மங்கல் விளக்குகள். டிராகன் அதைக் கடக்கும்போது சுவர் முழுக்க அதன் நிழல் ஓடும். அறைக்கு முன்னால் பாதையை ஒரு முறை வளைத்துவிடுங்கள், போர்ட்டலுக்கும் அது நல்லது, அந்த முதல் பார்வைக்கும் நல்லது. தங்கக் காசுகளில் ‘டோன்ட் ஹாவோக் செட்டில்’ (பொருட்களை இயற்பியல் விசை அசைக்காமல் வைக்கும் தேர்வு) டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் செல் திறந்ததும் குவியல் சரிந்து சிதறும்.

இவ்வளவு சொன்னபிறகும் நண்பருக்கு என் பதில்: முதல் மாட்டே டிராகன் குகை என்றால் வேண்டாம். கொள்ளையர் குகை ஒன்றைக் கட்டுங்கள், நேவ்மெஷ் கைக்கு வரட்டும். குகை வாசலை டாம்ரியலில், அதாவது விளையாட்டின் முக்கிய வெளியுலகில், ஒரு மலையில் வைக்கும்போது அங்கே ஏற்கெனவே இருக்கும் நேவ்மெஷ்ஷை மட்டும் அழித்துவிடாதீர்கள், புள்ளிகளை நகர்த்துங்கள், போதும். அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் பக்கத்துச் செல்களின் இணைப்பு அறுந்து, உங்கள் மாடைப் பதிவிறக்கியவர்களுக்கு அந்த மலையடிவாரத்திலேயே விளையாட்டு கிராஷ் ஆகும்.